இனம் பிரியாப் புரவி

வண்டியிற் பூட்டிய மாடு அடியெடுத்து வைக்க மறுத்துப் படுத்துக்கொண்டால் அதனைச் 'சண்டி' என்று வைதுவிட்டுச் சாட்டையைக் கையில் எடுப்பது நம்மவர் வழக்கம். குதிரைக்கும் அதே பெயர்தான். சேணம் இட்டவுடன் பின்வாங்குவதும், வாயிலைத் தாண்ட மறுத்துச் சுற்றிச் சுற்றி வருவதும், மேய்ச்சலில் நிற்கும் தன் கூட்டத்தை நோக்கிக் கனைப்பதும், கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும் கழுத்தை அப்பக்கமே திருப்புவதும் சண்டித்தனத்தின் அடையாளங்களாகக் கூறப்படும். சொல் ஒன்று கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. அக்குதிரை எதனை விட்டுப் பிரிய மறுக்கிறது, ஏன் மறுக்கிறது, அம்மறுப்பை நம் முன்னோரும் பிறநாட்டாரும் எவ்வாறு கையாண்டனர் என்னும் வினாக்களுக்கு வரலாற்றில் விடையுண்டு. அவ்விடைகளிற் சில தமிழகக் கடற்கரையிலும், சில நாம் வாழும் இம்மலைநாட்டிலும், சில நெடுந்தீவிலும் கிடக்கின்றன.

முதலில் கிரேக்க நாட்டிற்குச் செல்வோம். ஏதென்சு நகரத்தவனும் சோக்கிரதரின் மாணாக்கனுமாகிய செனபோன் என்பான் கி.மு. 4ஆம் நூற்றாண்டிற் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறுநூல் யாத்தான். குதிரை வாங்குவோன் எவற்றைச் சோதித்தல் வேண்டும் என்று கூறுமிடத்து, ஏறியமர்ந்த பின் அது பிற குதிரைகளை விட்டு விலகிச் செல்ல இசைகிறதா, நிற்கும் குதிரைகளின் அருகே செலுத்துங்கால் அவற்றை நோக்கி ஓடிவிடுகிறதா என்று பார்த்துக்கொள்க என அறிவுறுத்துகிறான். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்குறை சந்தையில் விலையைக் குறைக்கத்தக்க குறையாக அறியப்பட்டிருந்தது. செனபோன் படைத்தலைவன்; அணியை விட்டு விலகாத குதிரை போரில் எத்துணைத் தொல்லை தரும் என்பதைப் பட்டறிந்தவன். எனினும் அவன் கூறும் மருந்து சாட்டையன்று. சினத்தோடு குதிரையை அணுகுதல் கூடாது என்பது அவன் தலையாய விதி. அஞ்சும் குதிரையை அடித்தால், அடியால் வந்த நோவையும் தான் அஞ்சிய பொருளின் கொடுமையென்றே அது எண்ணிக்கொள்ளும். அச்சம் இரட்டிக்கும் என்று காரணமும் காட்டுகிறான்.

அவன் கண்டது சரியென்பதை இக்கால விலங்கியல் உறுதி செய்துள்ளது. குதிரை இரையாகும் இனம். பரந்த புல்வெளியிற் பல கண்களும் பல செவிகளும் சேர்ந்து காவல் இருந்தாலன்றி அது தலைகவிழ்ந்து மேயவும் படுத்துறங்கவும் துணியாது. பிறந்த குட்டி சில மணி நேரத்தில் எழுந்து தாயின் பின்னே ஓடக் கற்றுக்கொள்வதே அதன் முதற் கல்வி. ஆதலின் கூட்டத்தை விட்டுத் தனியே போ என்று நாம் ஏவும்போது, பாதுகாப்பை விட்டுப் போ என்றே அதன் செவியில் விழுகிறது. வியர்ப்பதும் கனைப்பதும் சாணமிடுவதும் காலுதைப்பதும் அந்நடுக்கத்தின் வெளிப்பாடுகள். இதனைச் செருக்கு என்று கருதிய சவாரிக்காரர் கெடுத்த குதிரைகள் எத்தனையோ!

நிற்க. தமிழகத்தில் குதிரை தானே பெருகிய விலங்கன்று. அது கடல் வழியாக வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். புரவி, பரி, மா, இவுளி எனப் பெயர்கள் பலவாயினும் வரவு ஒன்றே. பாண்டியப் பேரரசின் பிற்காலத்தில் இவ்வாணிகம் பேரளவினதாயிற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபு எழுதியுள்ளபடி, கீசுத் தீவிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மாபார் எனப்பட்ட பாண்டிநாட்டுக்கு அனுப்பப்பட்டன. பிற துறைகளிலிருந்து வந்தவற்றையும் கூட்டினால் 10,000 ஆகும். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. வழியிலே இறந்தாலும் விலை கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய 1292 அளவில் இந்நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோவோ, அரச உடன்பிறந்தார் ஐவரும் ஆளுக்கு 2,000 குதிரைகள் வரை ஆண்டுதோறும் வாங்குவர் என்றும், ஆண்டிறுதியில் நூறு கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தான். இலாடம் கட்டுவோரும் குதிரை மருத்துவரும் அங்கில்லை. வணிகரும் அவர்களை அங்கே செல்லவிடுவதில்லை. குதிரைகள் இறந்தாலன்றோ அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவன் கூற்று.

இச்செய்தியைப் படித்து, தமிழருக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோர் உளர். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. வாசாபு மேலும் ஒரு செய்தி தருகிறார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் இலாயத்தில் முளையடித்துக் கயிற்றாற் பிணித்துக் கொழுக்க வைப்பர். வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுப்பர். பின்னர்ப் பயிற்சி ஏதுமின்றி, அங்கவடியுமின்றி, வீரர் அவற்றின் மீது பேய்போல் ஏறி ஓட்டுவர் என்பது அது. இப்போது அக்குதிரையின் நிலையிலிருந்து நோக்குக. அரபு நாட்டு மணல்வெளியில் தாயோடும் இனத்தோடும் திரிந்த கன்று, ஓர்முசுத் துறையிலே, சரக்கின் மேல் தோல்விரித்த மரக்கலத்தில் ஏற்றப்படுகிறது. கப்பலில் அதனோடு நெருங்கி நின்ற குதிரைகளே அதற்குப் புதிய இனம். கரையிறங்கியதும் அவ்வினமும் விற்பனையிற் சிதறுகிறது. அதன்பின் நாற்பது நாள் நான்கு காலும் முளையிலே. நாற்பத்தோராம் நாள் முதுகிலே ஒருவன். இத்தகைய குதிரை வாயிலைத் தாண்ட மறுத்தால் அதிற் புதுமை என்ன? குளிரும் வறட்சியும் பழகிய உடல் நம் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காமை ஒருபுறம். பழக்கும் காலத்தை முழுவதும் கொழுக்க வைப்பதிலே செலவிட்டமை மறுபுறம். பிழை உண்டு, அது ஓரினத்தின் அறியாமை என்பதினும், இறந்தாலும் விலை உண்டு என்று செய்துகொண்ட வாணிக ஏற்பாட்டின் விளைவு என்பதே பொருந்தும். விசயநகரத்திலும் இவ்வேற்பாடு தொடர்ந்தது. போர்த்துக்கேயராகிய நூனிசு, கடலிலே இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொணர்ந்து காட்டினும் மன்னன் விலை கொடுத்தான் என்கிறார். வாலுக்குப் பொன் கிடைக்கும்போது குதிரையின் மனத்தை ஆராய்வார் யார்?

இவ்வாணிகத்தின் நிழல் நம் சமய இலக்கியத்திலும் விழுந்துள்ளது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலமும் பரி நரியாக்கிய படலமும் அடுத்தடுத்து நிற்பவை. குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்கு ஈந்ததும், இறைவன் குதிரை வாணிகனாய் வந்ததும் யாவரும் அறிந்தவை. பலரும் கவனியாது செல்லும் இடம் கயிறு மாறும் இடம். கயிற்றை விற்போன் கையிலிருந்து வாங்குவோன் கைக்கு மாற்றியபின் குதிரையின் குணத்துக்கு விற்றவன் பொறுப்பில்லை என்னும் வணிக வழக்கு அங்கே புலப்படுகிறது. அன்றிரவே வந்த பரிகளெல்லாம் நரிகளாகி, இலாயத்தில் முன்னிருந்த குதிரைகளைக் கடித்துக் குதறி, ஊளையிட்டுக் காட்டை நோக்கி ஓடின. புராணத்தின் மெய்ப்பொருள் வேறு. அதனைக் குறைத்துக் கூறுதல் என் கருத்தன்று. ஆயினும், பகலில் அடங்கி நின்ற விலங்கு இரவிலே தன் காட்டையும் இனத்தையும் தேடி ஓடுவதைக் குதிரைப் பந்தியோடு பழகியோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அக்காட்சி சான்று.

ஈழத்துப் பழங்கதைகளில் இரண்டை மட்டும் குறிப்பிட்டு மேற்செல்வேன். குதிரை வாணிகன் மைந்தரான சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் அநுராதபுரத்தை 22 ஆண்டு ஆண்டனர் என்று மகாவம்சம் கூறும். குதிரை கொண்டுவந்த கப்பல் அரசையும் கொண்டுவந்தது. அதே நூல், எல்லாளனின் குதிரையைக் கவர வந்த வேலுசுமணன், முதலில் அக்குதிரையைப் பேணுவோனிடம் நட்புக்கொண்டு, அவனுக்குப் பணிவிடை செய்து நம்பிக்கை பெற்ற பின்னரே அதன்மீதேறிச் சென்றான் என்கிறது. மன்னனின் குதிரையை அடைய வேண்டுமாயின் மன்னனை அணுகிப் பயனில்லை. அதற்குப் புல்லும் நீரும் கொடுப்பவனை அணுகுதல் வேண்டும். அப்பேணுநனின் பெயரை மகாவம்சம் சொல்லவில்லை. இக்குறிப்பை வாசகர் நினைவில் வைப்பாராக.

தமிழகத்தில் எவரும் ஏறமுடியாத குதிரையை அடக்கிய வீரன் என்றால் செஞ்சித் தேசிங்குராசனே நினைவுக்கு வருவான். தேசிங்கு 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது மாண்டது வரலாறு. தில்லிப் பாதுசாவின் பாராசாரி என்னும் குதிரை மீது ஏறமாட்டாது தந்தை சிறைப்பட, இளமைந்தன் சென்று அதனை அடக்கி மீட்டான் என்பது கதைப்பாடல். பாடல் வீரத்தைப் பேசும், முறையைப் பேசாது. குதிரையை அடக்குதல் என்றால் ஒரு நாளில், பலர் காண, ஒருவன் வெல்வது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு இத்தகைய கதைகளும் ஒரு காரணம் போலும். உண்மையிற் குதிரை பழகுவது பலநாட் பணி. காண்போர் இல்லாத பணி.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். இன்று மஸ்கெலியாவிற் படிக்கும் மாணவன் குதிரையைக் கண்ணாற் காண வேண்டின் நுவரெலியாவுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே கிரகரி வாவிக் கரையில் வாடகைக்கு விடும் மட்டக்குதிரைகள் நிற்கும்; 1875இல் அமைந்த பந்தயத் திடலும் உண்டு. ஆனால் புகையிரதம் 1884இல் அட்டனை எட்டுமுன், இம்மலைகளில் விரைந்து செல்லக் குதிரையையன்றி வேறு வழியில்லை. கோப்பி மூட்டையை இறக்கியது மாட்டு வண்டி. துரையைச் சுமந்தது குதிரை. டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் காடழித்துக் கோப்பி நட்ட காலத்தில், தோட்டத்துக்குத் தோட்டம் செல்லும் வழி மலைச்சரிவை வெட்டிய ஒற்றையடித் தடமே. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அத்தடத்தில் குதிரை பின்வாங்கினால் விளைவு யாதென்று சொல்ல வேண்டுவதில்லை.

1848இல் நுவரெலியாவிற் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இதனைப் பட்டறிந்தார். இங்கிலாந்திலிருந்து குதிரைகளையும் வண்டியையும் வேட்டைநாய்களையும், பேர்க்சு என்னும் குதிரைக்காரனையும் உடன் கொணர்ந்தார். குடிப்பழக்கமுடைய அப்பேர்க்சு, மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, தான் பிழைத்ததை ஆறுதலாகக் கூறித் துரைக்குக் கடிதம் எழுதினான். பின்னர் யானையொன்றை றம்பொடை மலையேற்றத்தில் குதிரைபோல் விரட்டி அதனையும் சாகடித்தான். பேக்கர் தம் நூலில் இவற்றை நகைச்சுவை ததும்ப எழுதியிருக்கிறார், படிப்போர் சிரிப்பர். நானும் சிரித்ததுண்டு. சிரித்து முடித்தபின் ஒன்று தோன்றும்: குதிரைகளைக் கொன்ற குதிரைக்காரனின் பெயர் நூற்றெழுபது ஆண்டுக்கு மேலாக அச்சில் நின்று நிலவுகிறது. குதிரைகளைக் காத்த குதிரைக்காரரின் பெயரோ துரைமார் நூல்களில் அரிதாகவே இடம்பெற்றது.

அவர்கள் தமிழர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களின் இனத்தவர். 'குதிரைக்காரன்' என்பது தோட்டத்தில் ஒரு தொழிலின் பெயராகவே நின்றது. விடியுமுன் இலாயத்தைத் துப்புரவு செய்தல், கொள்ளு ஊறவைத்தல், உடம்பு தேய்த்தல், சேணமிடுதல், துரை ஏறிய பின் கூடவே காலால் ஓடுதல், போன இடத்தில் குதிரையைப் பிடித்து நிறுத்திக் காத்திருத்தல், திரும்பியபின் வியர்வை ஆற்றி நடத்தல் ஆகிய அனைத்தும் அவன் கடன். துரை குதிரை மேலிருந்தது ஒரு நாளிற் சில மணி நேரம். எஞ்சிய பொழுதெல்லாம் குதிரை அவனோடிருந்தது.

இங்கேதான் நம் பொருளுக்கு நேரான ஒரு நுட்பம் உள்ளது. பங்களா இலாயத்திலே பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரைகளே நின்றன. கூட்டமாக வாழப் பிறந்த விலங்கு இம்மலையில் தனித்து நின்றது. ஞாயிறன்று தேவாலயத்திலோ கழகத்திலோ அயல் தோட்டத்துத் துரைமார் கூடும்போது, அவர்தம் குதிரைகள் ஒரே இடத்தில் கட்டப்பட்டன. தனிமையில் வாடிய குதிரைக்கு அஃது இனத்தைக் கண்ட நாள். மாலையில் அதனைப் பிரித்துத் தனிவழி செலுத்தும்போது அது மறுத்து நிற்பது இயல்பே. அவ்வேளையில் முன்னே நடக்கும் குதிரைக்காரன் கயிற்றை இழுக்காது பேச்சுக் கொடுத்துக்கொண்டே சென்றால், குதிரை பின்தொடரும். ஏனெனில் அவனையும் அது தன் இனமாகக் கொண்டிருந்தது. தன் குரலை அறிந்த ஒருவன் முன்செல்லத் தனிமை தனிமையாகத் தோன்றாது. குதிரைக்காரன் கூடவே ஓடியதைத் துரைத்தனத்தின் படாடோபமாக மட்டும் கருதுவோர் இவ்வுண்மையைக் காணத் தவறினர் என்றே கொள்வேன்.

இன்றைய பயிற்சி நூல்கள் கூறுவதும் இதற்கு அயலன்று. கூட்டத்தைக் கண்காணும் தொலைவிலேயே முதலில் சில அடி அழைத்துச் சென்று, நடுக்கம் தோன்றுமுன் தானே திருப்பிக்கொண்டு வருக. மறுநாள் இன்னும் சில அடி. முரண்டிய பின் திருப்பினால் முரண்டுவது பயன் தரும் என்று அது கற்றுக்கொள்ளும். அடங்கி நிற்கையில் திருப்பினால் அடக்கமே பயன் தரும் என்று கற்கும். தனித்த இடத்திலே தீனியும் ஓய்வும், கூட்டத்தினருகே வேலையும் கொடுப்பின் தனிமை கசக்காது. நிதானமுள்ள மூத்த குதிரை ஒன்றை முன்னே விட்டு, பின் இரண்டையும் அருகருகே நடத்தி, பின் மூத்ததைச் சற்றுப் பிற்படுத்துவதும் உண்டு. வீடு திரும்புகையில் ஓடவிடாது நடத்தல் வேண்டும்; இலாயத்தை நோக்கி ஓடக் கற்ற குதிரை இலாயத்தை விட்டு நகரக் கற்பது அரிது. இவ்வளவும் பொறுமையின் கணக்கு. நாட்கூலிக்கு ஓடிய ஒருவன் இதனை நூல் படித்தா அறிந்தான்?

சொல் பற்றி ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. குதிரை நின்ற இடம் இலாயம். குதிரைக்காரன் குடியிருந்த இடம் லயம். பின்னது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. முன்னதோடு பிறப்பால் உறவில்லாதது. ஒலியொப்புமை தற்செயலே. எனினும் வரிசையாக அடைத்துக் கட்டிய அவ்விரு கட்டடங்களையும் அடுத்தடுத்துக் கண்டவருக்கு அத்தற்செயல் உறுத்தியிருக்கும். துரைமாருக்கென பேர்குசன் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலின் பெயர் 'இங்கே வா' என்பது. ஏவலே நூற்பெயராயிற்று. குதிரைக்கும் ஆளுக்கும் அதே வினைவடிவம் போதுமானதாயிருந்தது. கூட்டமாகவே வந்து கூட்டமாகவே வாழ்ந்த அம்மக்களை 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கு, 3,00,000 பேர் இங்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு என்று எண்ணிப் பிரித்தபோது, போகமாட்டேன் என்று தூணைப் பற்றிக்கொண்டு நின்ற முதியோரைப் பற்றி இத்தோட்டங்களில் இன்றும் பேசுவர். அவர்களையும் பிடிவாதக்காரர் என்றே அலுவலர் சொல்லினர். ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் மனிதருக்கும் நன்றன்று, குதிரைக்கும் நன்றன்று.

மலையை விட்டு இறங்கி வடகடலுக்குச் சென்றால், இதன் மறுபக்கத்தைக் காணலாம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலிற் கிடக்கும் நெடுந்தீவைப் போர்த்துக்கேயர் பசுத்தீவு எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். அவர்கள் காலத்தில் அங்கே குதிரை வளர்ப்புத் தொடங்கிற்று. தம் நாட்டு நகரொன்றின் பெயரை அதற்குச் சூட்டிய ஒல்லாந்தர் அதனைப் பெருக்கினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் ஆங்கிலப் படையதிகாரியின் பொறுப்பிலும் அது நடைபெற்றது. இலாயத்தின் கற்றூண்கள் வரிசையாக இன்றும் நிற்கின்றன. தீவெங்கும் பவளப்பாறைக் கற்களை அடுக்கிய வேலிகள், பனைகள், வறண்ட புல்வெளி.

இவ்வாறு அரைக்காட்டு நிலையில் வளரும் குதிரையைப் பிடிக்கும் முறை எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தனிக்குதிரையைத் துரத்துவோன் ஏமாறுவான். கூட்டத்தையே அடைப்பினுள் ஓட்ட வேண்டும். இனம் சென்றால் ஒன்றும் பின்னிற்காது. பிரிய மறுக்கும் அக்குணமே அவ்வளவில் மனிதனுக்கு உதவியாகும். இடர் அடைப்பினுள்ளே தொடங்கும். கண்ணியிட்டுப் பிரித்த குதிரை உயிர்போகுமளவும் போராடும். ஆகவே பழகிய குதிரைகளின் நடுவே அதனைப் பிணித்து வைத்துப் பழக்குவர். காட்டுயானையைக் கும்கிகளிடையே நிறுத்தும் முறையும் இதுவே. பழைய இனத்தைப் பறித்தவன் புதிய இனம் ஒன்றைக் கொடுத்தாலன்றி வேலை நடவாது. பாண்டியன் இலாயத்தில் நாற்பது நாள் முளையடித்தவர்க்கும் நெடுந்தீவில் கண்ணியிட்டவர்க்கும் வேற்றுமை அவ்வளவே.

ஆங்கில அரசு அவ்வளர்ப்பைக் கைவிட்ட பின் எஞ்சிய குதிரைகள் தீவிலேயே காட்டு வாழ்வு கொண்டன. ஒரு கடுவன், சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்னும் சிறு கூட்டங்களாக அவை திரியும். இடம்பெயரும்போது பெரும்பாலும் மூத்த பெட்டை முன்செல்லும். இளங்கடுவன்கள் பருவமெய்தியதும் விலகித் தமக்குள் ஒரு கூட்டம் அமைத்துக்கொள்ளும். விலகுவதும் கூட்டம் தேடியே. மாரி பொய்த்த ஆண்டுகளில் நன்னீர்க் குட்டைகள் வற்றிப்போகக் குதிரைகள் மடிவதுண்டு. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே செல்லும் மாணவர், குட்டையருகே நீர் குடிக்கும் கூட்டத்தைச் சற்று நின்று நோக்குவாராக. ஒன்று குடிக்கும்போது மற்றொன்று தலைநிமிர்ந்து நிற்கும். அது குடித்து நிமிர்ந்தபின்னரே இது குனியும்.